சத்தி ரோட்டில் ஒரு கூறைச்சேலை

அன்னூரிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் போக நாலைந்து வழிகள் இருந்தன. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் கோவில்பாளையம் வருவதற்குள் ஒரு காலை ஊன்றத்தான் இடம் இருக்கும், இன்னொரு காலை எங்கே வைத்தோம் என்று இறங்கும்போதுதான் தெரியும். ஷேர் ஆட்டோ வழியில் பாதித் தூரத்துக்குத்தான் ஓடும். வணிகவியல் துறை சார் ஒருவர் காரில் போவார். அதில் இடம் கிடைப்பது எம்.எல்.ஏ. சீட் கிடைப்பது மாதிரி. நாலு பேர் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள், யாரும் ஓய்வு பெறுகிற வழியாகவும் தெரியவில்லை. மிச்சம் இருந்தவை கல்லூரி பஸ்ஸும் சொந்த ஸ்கூட்டரும். ஸ்கூட்டரை நான் ஒரு வழியாகவே நினைத்ததில்லை.

காரணம் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அண்ணனின் மொபெட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வாய்க்கால் மேட்டில் திரும்பும்போது பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதிலாக ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டேன். மொபெட் வாய்க்காலுக்குள் போனது. நான் அதைத் தாண்டி, சின்ன வெங்காயம் காய வைத்திருந்த களத்தில் விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருபது வருஷம், இரண்டு சக்கர வண்டி என்றால் பின்சீட்டில் ஒருக்களித்து உட்காருவதோடு சரி.

கணிதத் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எங்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஒருவர் இந்தப் பயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கணபதிப் பக்கம் வீடு. கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாமியாரை ஸ்கூட்டரில் கூட்டிப் போய்விட்டு, வரும்போது ஆட்டுக்கறியும் வாங்கிக்கொண்டு வருகிறவர். "உங்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தராம நான் ரிட்டையர் ஆகமாட்டேனுங்க மேடம்" என்று சபதம் எடுத்தார். மாலையில் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் தன் ஸ்கூட்டரைத் தந்து ஓட்டச் சொன்னார். எட்டுப் போட்டேன். லைசென்ஸும் வாங்கினேன். ஆனால் மைதானத்தின் கேட்டைத் தாண்டி வெளியே போனதில்லை. வெளியே சத்தி ரோடு. லாரியும் மில் பஸ்ஸும் ஐ.டி. கம்பெனிக் கார்களும் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளாத குறையாகப் போகிற ரோடு. லைசென்ஸ் என் கைப்பையில் பத்திரமாக இருந்தது. நான் கல்லூரி பஸ்ஸில் பத்திரமாக இருந்தேன்.

எங்கள் தடத்து பஸ்ஸில் முன்பக்கம் ஆசிரியர்கள், பின்பக்கம் மாணவர்கள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் இயற்பியல் துறைத் தலைவரான பேராசிரியர். அன்னூர் பஸ் நிலையத்தில் என்னோடுதான் ஏறுவார். ஏறியதும் பேப்பரை விரித்தால் கல்லூரி கேட்டில்தான் மடிப்பார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை; ஆனால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அதற்கே பஸ் பாதி அமைதியாகிவிடும். அடங்காதது கடைசி சீட்டில் வரும் ஒரு பெண் மட்டும்தான். என்னிடம் கணிதம் படித்த மூன்றாம் வருஷ மாணவி. அப்பா அன்னூர்ச் சந்தையில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். சந்தைச் சத்தத்தில் வளர்ந்த குரல் அவளுடையது. ரகசியம் பேசினால்கூட டிரைவருக்குக் கேட்கும்.

அன்று செமஸ்டர் தேர்வு. முகூர்த்த நாளும்கூட. ரோடு முழுக்க வாழைமரம் கட்டிய வேன்கள். கணேசபுரம் தாண்டியதும் பஸ் ஒரு மாதிரி முனகி, கருகிய வாடை அடித்து, புளியமரம் ஒன்றின் பக்கத்தில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கிளட்ச் போயிருச்சுங்க சார். வண்டி இனி நகராதுங்க."

பேராசிரியர் பேப்பரை மடித்தார். கேட் வருவதற்கு முன்னால் அவர் பேப்பரை மடித்து அன்றுதான் பார்த்தேன். "மாத்து வண்டி?"

"ஆபீசுக்குப் போன் பண்ணிப்போட்டேனுங்க. அது பொள்ளாச்சி ரூட்டுக்குப் போயிருக்குதாமாங்க. வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமுங்க."

பஸ்ஸுக்குள் ஒரே கலவரம். பத்து மணிக்குத் தேர்வு. அரை மணி நேரம் தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். பேராசிரியர் எழுந்து நின்றார். அவர்தான் அன்றைக்குத் தேர்வு மையத்தின் பொறுப்பாளர். அவர் போகாமல் கேள்வித்தாள் கட்டைப் பிரிக்கவே முடியாது. ஆனாலும் தான் முதலில் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. "எல்லாரும் இறங்குங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. கிடைக்கற வண்டியில அனுப்புவோம். நானும் மேடமும் கடைசியா வர்றோம்" என்றார். எனக்கு மதியத் தேர்வுக்குத்தான் மேற்பார்வை, அதனால் அவசரம் இல்லை. இருந்தாலும், அவர் என்னையும் கடைசி ஆளாகச் சேர்த்துக்கொண்டதில் எனக்குள் ஒரு பெருமை.

டவுன் பஸ் ஒன்று வந்தது. நிறுத்தினார்கள். ஏழெட்டுப் பெண்கள் எப்படியோ உள்ளே நுழைந்தார்கள். பையன்கள் படியில் தொற்றப் பார்த்தபோது பேராசிரியரின் பார்வை பாய்ந்தது, இறங்கிவிட்டார்கள். இன்னும் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கால் டாக்ஸிக்கு ஒரு பையன் முயன்றான். வண்டி வருவதாகக் காட்டியது, அப்புறம் டிரைவர் ரத்து செய்துவிட்டார். கோழித் தீவன வண்டி ஒன்று நிற்கத் தயாராக இருந்தது, ஏற இடமில்லை.

அப்போதுதான் புளியம்பட்டிப் பக்கமிருந்து ஒரு கல்யாண பஸ் வந்தது. முன்னால் இரண்டு வாழைமரம், கண்ணாடியில் மணமக்கள் பெயர் ஒட்டிய தாள். கடைசி சீட்டுப் பெண் ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஏனுங்க! நிறுத்துங்க! எங்களுக்குப் பரீட்சைங்க!"

அந்தக் குரலுக்கு நிற்காத வண்டி இருக்காது. ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டினார். தலை நிறைய மல்லிகை, அரக்குப் பட்டு, காதில் கனத்த தோடு. பிற்பாடு தெரிந்தது, அவர் மாப்பிள்ளையின் அத்தை.

"என்ன கண்ணு, வண்டி கெட்டுப்போச்சா?"

"ஆமாங்கத்தை. பத்து மணிக்குப் பரீட்சைங்க. குரும்பபாளையம் தாண்டி, ரோட்டு மேலயே காலேஜுங்க."

அந்த பஸ்ஸின் டிரைவர் முணுமுணுத்தார். "கிளம்பினதே நேரங்கழிச்சுங்க அம்மணி. பத்தரைக்குள்ள முகூர்த்தமுங்க."

"இருக்கட்டுமே. மாப்பளையும் பாதிச் சனமும் நேத்தே கணபதி மண்டபத்துக்குப் போயாச்சு. நாம போகலீன்னாலும் அவன் தாலி கட்டிக்குவான். இந்தப் புள்ளைங்க போகலீன்னா இவுங்க பரீட்சைய நீ எழுதுவியா? ஏத்துப்பா எல்லாத்தையும்!"

ஏறினோம். ஒரு கல்யாணக் கூட்டத்துக்குள் முப்பது மாணவர்கள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். பட்டுச்சேலைகளுக்கு நடுவில் ஜெராக்ஸ் நோட்ஸ் விரிந்தன. ஒரு சின்னப் பெண் சந்தனக் கிண்ணத்தோடு வந்து எல்லார் நெற்றியிலும் தொட்டு வைத்தாள். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்ற பையனிடம் விசாரித்தார்.

"என்ன பரீட்சை தம்பி?"

"டிஃபரென்ஷியல் ஈக்வேஷனுங்க."

"அப்படின்னா?"

பையன் யோசித்தான். "அது தெரிஞ்சா பாஸாயிருவேனுங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. அந்தப் பாடத்தை நடத்தியவள் நான் என்பதால் நான் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

பேராசிரியருக்கு முன் வாசல் பக்கத்தில் ஒரு சீட் கிடைத்தது. அதில் அதுவரை ஒரு சீர்த்தட்டு உட்கார்ந்திருந்தது. பித்தளைத் தட்டு, அதில் மடித்த சிவப்புப் பட்டுச்சேலை, மேலே தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ். அத்தை அதைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். "படிச்சவங்க கையில இருந்தா பத்திரமா இருக்கும். புடிச்சுக்கோங்க சார்." அவர் பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கல்லூரி கேட்டில் பஸ் நின்றது. மாணவர்கள் இறங்க வழி வேண்டுமே என்று பேராசிரியர்தான் முதலில் இறங்கினார். இறங்கி நின்று, "சீக்கிரம், சீக்கிரம், ஹால் டிக்கெட் எடுத்துக்குங்க" என்று ஒவ்வொருவராகத் தலையசைத்து அனுப்பினார். நான் கடைசியாகப் பின்வாசல் வழியாக இறங்கினேன். கிளீனர் விசிலடித்தார். அத்தை ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார், "நல்லா எழுதுங்க கண்ணுங்களா!" பஸ் போயே போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் கேட்டுக்கு நடுவில் பேராசிரியர் சீர்த்தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

காவலாளி சல்யூட் அடித்துவிட்டு, "யாருக்குங்க சார் நிச்சயம்?" என்று பணிவாகக் கேட்டார்.

பேராசிரியர் குனிந்து தட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கடைசி சீட்டுப் பெண் ஹாலுக்கு ஓடிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து அங்கிருந்தே கத்தினாள். "சார்! அது கூறைச்சேலைங்க! பொண்ணு அதைக் கட்டிக்கிட்டுத்தானுங்க தாலிக்கு உக்காரணும்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. ரோட்டில் இறங்கி இரண்டடி ஓடினார், தட்டோடு. பஸ் கண்ணுக்கே தெரியவில்லை. கூப்பிட்டுச் சொல்ல யாருடைய போன் நம்பரும் எங்களிடம் இல்லை. மணமக்கள் பெயரையும் இருவருமே படிக்கவில்லை. கணபதியில் மண்டபம் என்பது மட்டும் தெரியும். "மேடம், நான் போயே ஆகணும். ஆனா கேள்வித்தாள் கட்டை நான்தான் பிரிக்கணும்" என்றார். குரல் நடுங்கியது. இருபது வருஷம் மாணவர்கள் அவரைப் பார்த்து நடுங்கியது போய், அவரே நடுங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நான் போறேன் சார்" என்றேன். எப்படிப் போவது என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

ஆட்டோ ஒன்றும் வரவில்லை. கால் டாக்ஸி செயலியில் வண்டி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. வணிகவியல் சாரின் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. சத்தம் கேட்டு ஆய்வக அக்கா வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நேராகத் தன் மேசைக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"அக்கா, நீங்களே போயிட்டு வந்துருங்களேன்."

"எனக்கு ஹால் டூட்டிங்க. இப்ப மணி அடிச்சுருவாங்க. நீங்க போங்க. மைதானத்துல ஓட்டற மாதிரியேதான் ரோட்டுலயும் ஓட்டணும். ரோடு கொஞ்சம் நீளம், அவ்வளவுதானுங்க."

என் சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து அவரிடம் கொடுத்தேன். சேலையில் சாம்பார் பட்டால் அதைவிடப் பாவம் கிடையாது. பையை ஒரு செய்தித்தாளால் துடைத்து, சேலையை இன்னொரு தாளில் சுற்றி உள்ளே வைத்தேன். தாள் பேராசிரியருடையது. தேங்காயும் மற்றதும் சீட்டுக்கு அடியில் போயின. பித்தளைத் தட்டு எங்கேயும் அடங்கவில்லை. காவலாளி ஒரு கயிற்றால் அதைப் பின்னால் கட்டிவிட்டார். அக்கா தன் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வாரை இழுத்து, "மாதா துணையிருப்பாங்க" என்று தோளில் தட்டினார்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். வெளியில் எனக்குத் தமிழ்தான். பயம் வந்தால் மட்டும் தெலுங்கு வரும். சரவணம்பட்டி சிக்னல் வரைக்கும் ஹெல்மெட்டுக்குள் "தேவுடா, தேவுடா" என்று சொல்லிக்கொண்டே போனேன். லாரிகள் என்னைத் தாண்டும்போது வண்டியே ஒரு பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. ஓரமாக, மிகவும் ஓரமாக, சாக்கடை மூடிகள் மேலேயே போனேன். அவற்றின் மேல் ஏறும்போதெல்லாம் தட்டு கலகலவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கே முன்னால் போகிறவர்கள் வழிவிட்டார்கள்.

சிக்னலில் கார்கள் ஐ.டி. பூங்கா வரை வரிசை கட்டி நின்றன. ஒரு காருக்குள் டை கட்டிய ஒருவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்களுக்கு நடுவே ஸ்கூட்டர்கள் நுழைந்து நுழைந்து முன்னால் போனதைப் பார்த்தேன். ஒரு கணம் தயங்கினேன். பிறகு நானும் நுழைந்தேன். ரோட்டில் போட்ட வெள்ளைக்கோடு வரைக்கும் போய் நின்றபோது, வாழ்க்கையில் முதல் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. பச்சை விழுந்ததும் எல்லாரோடும் சேர்ந்து கிளம்பினேன். சிவானந்தபுரம் தாண்டும்போது கவனித்தேன், "தேவுடா" நின்றுபோயிருந்தது.

கணபதியில் முதலில் கண்ணில் பட்ட மண்டபத்தில் வண்டியை நிறுத்தி உள்ளே ஓடினேன், தலையில் ஹெல்மெட், நெஞ்சோடு அணைத்த பை. "கூறைச்சேலை கொண்டு வந்திருக்கறனுங்க" என்று வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவர்களிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்க பொண்ணு கூறைச்சேலை கட்டிக்கிட்டு மேடையில உக்காந்திருக்குதுங்களே."

எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தது. அவர்களில் ஒரு பெரியவர் சுதாரித்து, "புளியம்பட்டிப் பக்கத்துச் சனமுங்களா? அது அடுத்த மண்டபமுங்க, பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல" என்றார். போகும்போது என் மேலும் பன்னீர் தெளித்தார்கள்.

அடுத்த மண்டபத்தின் வாசலில் அத்தை நின்றிருந்தார். தலை மல்லிகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இரண்டு பையன்களை மோட்டார் சைக்கிளில் எங்கள் கல்லூரிக்குத் துரத்தியிருந்தாராம். நாங்கள் வழியில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட என்ர கண்ணு! வந்துட்டியா!" என்று கட்டிக்கொண்டார். பட்டும் சந்தனமும் வேர்வையும் கலந்த வாசம். பையைப் பறித்து உள்ளே ஓடினார். நான் கயிற்றை அவிழ்த்துத் தட்டையும் தேங்காயையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மேளக்காரர்களும் அதற்கு ஒத்தாசையாக ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் மணப்பெண் வந்தாள். சிவப்புச் சேலையின் மடிப்புக் கோடுகள்கூட இன்னும் மறையவில்லை. அவசரத்தில் கட்டியதால் முன் கொசுவம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மேடை ஏறும்போது அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். கெட்டிமேளம் முழங்கியது. கையில் கொடுத்த அட்சதையை எல்லாரோடும் நானும் போட்டேன். பெயர் தெரியாத இரண்டு பேருக்காக எனக்குக் கண் கலங்கியது.

"மத்தியானம் டூட்டி இருக்குதுங்க, நான் வாரேனுங்க" என்றால் அத்தை விடுவாரா? "சாப்புடாம போனீங்கன்னா வண்டிச் சாவி என்ர கையிலதான் இருக்கும்" என்று முதல் பந்தியில் உட்கார வைத்தார். பக்கத்திலேயே நின்று பாயசம் இரண்டு தடவை ஊற்றச் சொன்னார். கிளம்பும்போது தாம்பூலப் பை மூன்று கொடுத்தார். எனக்கு ஒன்று, வண்டி கொடுத்த அக்காவுக்கு ஒன்று. "தட்டைப் பத்திரமா வெச்சிருந்த சாருக்கு ஒண்ணு" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பேராசிரியர் கேட்டிலேயே நின்றிருந்தார். தேர்வு முடிய இன்னும் நேரம் இருந்தது. இரண்டு தடவை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று காவலாளி சொன்னார்.

"கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்க சார். தாலியும் கட்டியாச்சு."

அவர் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு அப்படியே காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க. எனக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. மாலை மாற்று பஸ்ஸில் திரும்பும்போது நடந்ததையெல்லாம் அவரே எழுந்து நின்று டிரைவருக்கு நடித்துக் காட்டினார், தட்டுப் பிடித்த கையோடு. பின் சீட்டுகளெல்லாம் காலியாகி, பிள்ளைகள் முன்னால் வந்து அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

எனக்கு அன்று மாலை பஸ்ஸில் உட்காரவே பொறுமையில்லை. கோவில்பாளையம் நெரிசலில் நின்றபோது கார்களுக்கு நடுவே நுழைந்து போகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஸ்கூட்டர் வாங்க வேண்டும் என்றேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "யாரு ஓட்டறதுக்கு?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரமே கூட வந்து நீல நிறத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். முதல் நாள் கோவில்பாளையம் வரைக்கும் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் தெரிந்தார். கையைக் காட்டி, போங்க என்று திருப்பி அனுப்பினேன்.

இப்போது எங்கள் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகிறோம். என்னைப் பார்த்துத் தமிழ்த்துறையில் ஒருவர் கற்றுக்கொண்டார், அவரைப் பார்த்து நூலகத்தில் ஒருவர். கோவில்பாளையத்தில் ஒரு பேக்கரி வாசல்தான் சந்திக்கிற இடம். முன்னால் வந்தவர் மூன்று டீ சொல்லிவிட்டுக் காத்திருப்பார். குடித்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவோம். நூலகத்துக்காரர் இன்னும் புதியவர், லாரி வந்தால் பதறுவார். அதனால் அவரை நடுவில் விட்டுவிட்டு, நான் பின்னால் போகிறேன்.